குட்டி யானைக்கு எக்ஸ்ட்ரா பட்டை போட்டா ஃபுட் டிரக் தாங்குமா? பட்டறை பில்லுல வராத செலவுகள்

சென்னையில வேலை, ஊர்ல ஒரு ஃபுட் டிரக். நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இருக்கிற கனவு இது. பழைய குட்டி யானை ஒண்ணு வாங்கி, பின்னாடி கிச்சன் பாடி கட்டி, தம்பியையோ மச்சானையோ உட்கார வெச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கமோ அறந்தாங்கி ரோட்லயோ தோசை போட்டா சம்பளத்துக்கு மேல ஒரு வருமானம். ஐடியா தப்பில்லை. ஆனா இந்தக் கணக்குல எல்லாரும் வண்டி விலை, பாடி கட்டுற கூலி, அடுப்பு, ஃப்ரிட்ஜ், மாஸ்டர் சம்பளம்னு எழுதுறாங்க. கிலோ கணக்கை யாருமே எழுதுறதில்லை.

பாடி கட்டி முடிச்சு வண்டியை வெளிய எடுத்ததும்தான் பின்பக்கம் உக்காந்து போயிருக்கிறது கண்ணுக்குத் தெரியும். அடுத்து யாரோ ஒருத்தர் சொல்வாரு, "ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுடு தம்பி, கல்லு மாதிரி நிக்கும்." சில ஆயிரங்கள்ல வேலை முடிஞ்சிடும். வண்டியும் நிமிர்ந்துடும். பிரச்சினையும் தீர்ந்துடுச்சா? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல எடை

2005-ல டாடா ஏஸ் வந்தப்போ அதோட பேலோடு 750 கிலோ. 2025-ல வந்த ஏஸ் புரோவுக்கும் கம்பெனி சொல்றது அதே 750 கிலோதான். சரி, ஒரு கிச்சன் பாடி எவ்வளவு எடை வரும்? இதுக்கு இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். இரும்போட அடர்த்தி தெரிஞ்சா போதும். 1 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ.

ஏஸோட பின் தொட்டி ஏறக்குறைய 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அதுக்கு மேல 1.8 மீட்டர் உயரத்துக்கு நாலு பக்கச் சுவரும் கூரையும்னா சுமார் 16.6 சதுர மீட்டர் தகடு. 1.2 மில்லிமீட்டர் இரும்புன்னா 156 கிலோ. உள்பக்கம் முழுக்க 1 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிச்சா இன்னொரு 131. ஃபிரேமுக்கு 40-க்கு 40 சதுர பைப், 2 மில்லிமீட்டர் கனம், மீட்டருக்கு 2.4 கிலோ. 60 மீட்டர் போச்சுன்னா 143 கிலோ. ஆக, வெறும் கூடு மட்டும் 430 கிலோ.

அடுத்தது நம்ம ஊர் ஆசை: கவுன்டருக்கு கிரானைட். கல்குவாரி இருக்கிற மாவட்டம், கல்லு சுலபமா கிடைக்குது. 18 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 48 கிலோவுக்கு மேல. 2 மீட்டர் நீளம் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு 58 கிலோ. தோசைக்கல்லு 12 மில்லிமீட்டர் கனம், மூணுக்கு ரெண்டு அடின்னா அதுவே 50 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டோட 80 வெச்சுக்கலாம். கமர்ஷியல் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 19 கிலோ, இரும்போட சேர்த்தா 37 பக்கம் வரும், ரெண்டு வெச்சா 74. தண்ணி 150 லிட்டர், டேங்க்கோட 160 கிலோ. ஃப்ரிட்ஜ் 60. மாவு, காய்கறி, பாத்திரம், தட்டு எல்லாம் ஒரு 80.

கூட்டிப் பாருங்க. 942 கிலோ. இதுல டிரைவரும் மாஸ்டரும் இன்னும் ஏறவே இல்லை.

இந்த 942-ல பெரும்பகுதி இறக்கவே முடியாத எடைங்கிறதைக் கவனிங்க. செங்கல் ஏத்தின வண்டி இறக்கிட்டு காலியா திரும்பும். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் வாரக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தப்போ, ஜெனரேட்டரை வண்டியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தினாங்க. அந்த வண்டிகளும் வேலை முடிஞ்சதும் ஜெனரேட்டரை இறக்கிடுச்சு. ஃபுட் டிரக் அப்படி இல்லை. ராத்திரி கடையைச் சாத்தின பிறகும் கூடு, கல்லு, அடுப்பு, ஃப்ரிட்ஜ் அதே பட்டை மேலதான் உக்காந்திருக்கும்.

கம்பெனி ஸ்பிரிங் இதுக்காகச் செஞ்சது இல்லை. பிக்கப்ல பின் பட்டை செட்டைப் பெரும்பாலும் ரெண்டு கட்டமா வேலை செய்யிற மாதிரி அமைப்பாங்க. காலியா போகும்போது மேல் பட்டைகள் மட்டும் வளையும், லோடு ஏறினா கீழ இருக்கிற ஹெல்ப்பர் பட்டை தொட்டு சேர்ந்து தாங்கும். எப்பவுமே லோடுல இருக்கிற வண்டி, வாழ்நாள் முழுக்க அந்த ரெண்டாவது கட்டத்துலயேதான் இருக்கும். பள்ளத்துல இறங்கும்போது இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் வேணும்ல? அந்த இடம் ஏற்கெனவே தீர்ந்து போச்சு. ஸ்பீடு பிரேக்கர்ல "டொம்"னு ஒரு சத்தம் வருதே, அது ஆக்சில் போய் ரப்பர் ஸ்டாப்பர்ல முட்டுற சத்தம்.

பட்டை போட்டா என்ன ஆகும்

ஒரு சின்ன ஃபிசிக்ஸ். பட்டை செட்டோட விறைப்பு, பட்டைகளோட எண்ணிக்கைக்கு நேர் விகிதத்துல கூடும். ஒரே மாதிரி அஞ்சு பட்டை இருக்கிற செட்ல ஆறாவதா ஒண்ணு சேர்த்தா 20 சதவீதம் விறைப்பு கூடும். ஆனா கனத்தைக் கூட்டினா கதையே வேற. அது மூணாவது அடுக்குல போகும். 8 மில்லிமீட்டர் பட்டைக்கு பதிலா 10 மில்லிமீட்டர் போட்டா 1.25 பெருக்கல் 1.25 பெருக்கல் 1.25, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "கொஞ்சம் திக்கா போட்டுருக்கேன்"னு சொல்றதுக்குள்ள இவ்வளவு பெரிய மாற்றம் ஒளிஞ்சிருக்கு. அதனால பட்டறையில எண்ணிக்கை, கனம் ரெண்டையும் கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க.

இன்னொரு வழி, பழைய பட்டையையே சூடு பண்ணி அடிச்சு வளைவை ஏத்துறது. செலவு கம்மி. ஸ்பிரிங் ஸ்டீலுக்கு வலுவே அதைச் சூடாக்கி, எண்ணெய்ல முக்கி, திரும்பப் பதமா சூடு காட்டுற அந்த முறையில இருந்துதான் வருது. அதைச் சரியா செய்யாம வளைவை மட்டும் ஏத்தினா, நிரந்தர லோடுல சீக்கிரமே திரும்ப உக்காந்துடும், இல்லைன்னா உடையும். ஃபுட் டிரக்குக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூணாவது, ஏர் பேக். காத்தடிச்சா விறைக்கும், இறக்கினா மெத்துனு ஆகும். லோடு ஏறி இறங்குற வண்டிக்கு அருமையான சாமான். ஏறின லோடு இறங்கவே போறதில்லைங்கிற வண்டிக்கு அந்த வசதிக்காக எதுக்குக் காசு? லீக் ஆனா ஒரு பக்கம் சாஞ்சு நிக்கிறதுதான் மிச்சம்.

ஆக, மூணுல கூடுதல் பட்டைதான் தேவலை. ஆனா அது தனியா வர முடியாது. செட்டோட கனம் கூடினா பழைய யூ போல்ட் நீளம் பத்தாது, புதுசு போடணும். லோடோட கொஞ்ச நாள் ஓட்டிட்டு திரும்ப டைட் பண்ணணும். லூசா விட்டா சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே நகரும். விறைப்பான ஸ்பிரிங் திரும்ப எழும்பும்போது வேகமா எழும்பும், பழைய ஷாக் அப்சர்பரால அதைப் பிடிக்க முடியாது. அதுக்கும் ஒரு செலவு.

பட்டறைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விஷயம் பிரேக். பல பிக்கப்கள்ல பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பியோட எல்எஸ்பிவின்னு ஒரு வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பார்த்துதான் அது பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம்னு முடிவு பண்ணும். அமுங்கியிருந்தா லோடு இருக்குன்னு அர்த்தம், முழு பிரேக். நிமிர்ந்திருந்தா காலி வண்டின்னு அர்த்தம், பிரேக்கைக் குறைக்கும். நீங்க எக்ஸ்ட்ரா பட்டை போட்டு, 900 கிலோவோட வண்டியை நிமிர்த்தி வெச்சீங்கன்னா அந்த வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலின்னு நினைக்கும். லோடு அதிகம், பின் பிரேக் கம்மி. பட்டை மாத்தினா இந்த வால்வைத் திரும்ப செட் பண்ண வேண்டியது கட்டாயம். ஒரு வண்டியில இந்த வால்வு இருக்கான்னே தெரியாம பட்டை சேர்க்கிற பட்டறைக்குப் போகாதீங்க.

டயரையும் பாருங்க. டயர் சுவர்ல சைஸுக்குப் பக்கத்துல லோடு இண்டெக்ஸ் நம்பர் இருக்கும். 86-ன்னா ஒரு டயர் 530 கிலோ தாங்கும். பின்னாடி ரெண்டு டயரும் சேர்ந்து 1,060, அதுல வண்டியோட சொந்த எடையும் அடக்கம். பட்டை பத்து போட்டாலும் அந்த நம்பர் மாறாது.

ஆர்சி புக்ல இருக்கிற நம்பர்

யூடியூப்ல நாம வாயைப் பிளந்து பார்க்கிற சஸ்பென்ஷன் வீடியோக்கள்ல நிறைய ஆஸ்திரேலியாவுல எடுத்தது. அங்க "ஜிவிஎம் அப்கிரேட்"னு ஒண்ணு இருக்கு. அங்கீகரிச்ச ஸ்பிரிங் கிட்டைப் போட்டு, சான்றிதழ் வாங்கி, வண்டி சட்டப்படி சுமக்கலாம்ங்கிற எடையையே கூட்டிக்கலாம். பிக்கப் மேல வீடு மாதிரி பாடி கட்டிக்கிட்டு பாலைவனத்துல சுத்துறவங்க அதைத்தான் செய்யிறாங்க. அந்த வீடியோவைப் பார்த்துட்டு நம்ம டிஎன் 55 வண்டிக்கும் அப்படியேன்னு நினைச்சா அங்கதான் அடி.

நம்ம ஆர்சியில ரெண்டு நம்பர் இருக்கு. ஒண்ணு காலி எடை, இன்னொண்ணு லோடோட மொத்த எடை. மொத்த எடையைத் தீர்மானிக்கிறது வண்டி கம்பெனி வாங்கின அங்கீகாரம். பட்டறை பில்லைக் காட்டி அதை மாத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து ஆர்சி விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரி 9-ல கேரளா வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒண்ணுக்கு ₹5,000 அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறைன்னு சட்டத்துல இருக்கு. ஓவர்லோடுக்கு 194-வது பிரிவுல ₹20,000, கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000.

கிச்சன் பாடி கட்டவே கூடாதான்னா, கட்டலாம். ஆர்டிஓ ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்கி, பாடி வகையை ஆர்சியில மாத்தணும். லோன் இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனியோட எழுத்துப்பூர்வ சம்மதமும் வேணும். அப்போ காலி எடை கூடும், மொத்த எடை அப்படியேதான் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கிறதுதான் நீங்க ஏத்தக்கூடிய மாவும் தண்ணியும் ஆளும்.

நேர்மையா சொன்னா, ரோட்ல ஃபுட் டிரக்கை நிறுத்தி எடை போடுறது அரிது. மணல் லாரிக்கும் ஜல்லி லாரிக்கும் இருக்கிற கவனிப்பு இட்லி வண்டிக்கு இல்லை. மாட்டுற இடம் ரெண்டு. ஒண்ணு எஃப்சி. வண்டிக்கு எட்டு வயசு ஆகிற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். நீங்க வாங்குற பழைய வண்டி பெரும்பாலும் அந்த வருஷா வருஷம் கணக்குல இருக்கும். இன்னொண்ணு இன்சூரன்ஸ் கிளெய்ம், அதுதான் பெருசு.

7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன் அறிவிப்புப்படி ₹16,049. இவ்வளவு கட்டிட்டு கிளெய்ம்ல கோட்டை விடலாமா? அனுமதிச்ச எடைக்கு மேல ஏத்தின வண்டின்னா, சொந்த சேதத்துக்கு 75 சதவீதத்தைத் தாண்டாம கொடுக்கிற வழிமுறையை 2010-ல அமலேந்து சாஹூ வழக்குல உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருக்கு. மூணாவது ஆளுக்கு அடிபட்டு, பாலிசி விதி மீறல்னு முடிவானா, கம்பெனி முதல்ல கொடுத்துட்டு உரிமையாளர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தீர்ப்பு வர்றதும் உண்டு. உரிமையாளர் யாரு? தோசை ஊத்துற மச்சான் இல்லை. சேலரி ஸ்லிப் வெச்சிருக்கிற நீங்க. இன்னொண்ணு, ரெண்டு லட்சம் போட்டு கட்டின கிச்சன் பாடியோட மதிப்பு பாலிசியோட ஐடிவியில சேர்ந்திருக்கான்னு பாருங்க. சேரலைன்னா அந்த ரெண்டு லட்சத்துக்கு இன்சூரன்ஸே இல்லை.

லைசென்ஸ் விஷயத்துல மட்டும் ஒரு நல்ல சேதி. 7,500 கிலோ வரைக்கும் இருக்கிற சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி லைசென்ஸ்ல ஓட்டலாம்னு 2024 நவம்பர் 6-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு உறுதி பண்ணிடுச்சு.

சரி, காசு கணக்கு

மேல போட்ட 942 கிலோவைத் திரும்ப எடுங்க. வெளித் தகடை 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு மாத்தினா 156 கிலோ 67 ஆகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அடுப்பு இருக்கிற பக்கம் மட்டும் 4 சதுர மீட்டருக்கு அடிச்சா 131 போய் 32. கிரானைட்டுக்கு பதிலா ஸ்டீல் தகடு, 58 போய் 10. சிலிண்டர் ஒண்ணு, இன்னொண்ணு வீட்ல. தண்ணி 100 லிட்டர் மட்டும் வெச்சுக்கிட்டு நடுவுல ஒரு தடவை ரொப்பிக்கிறது. ஃபிரேம், தோசைக்கல்லு, ஃப்ரிட்ஜ், சாமான் எல்லாம் அதே. இப்போ மொத்தம் 619 கிலோ. ஒரு பட்டைகூட சேர்க்காம 323 கிலோ குறைஞ்சிடுச்சு. ரெண்டு ஆள் ஏறினாத்தான் விளிம்புக்கு வரும். அப்பவும் ஆர்சியில இருக்கிற ரெண்டு நம்பரையும் கழிச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். அலுமினியம் இரும்பைவிட விலை கூடத்தான். ஆனா கிரானைட், முழு லைனிங் போன செலவுல ஒரு பங்கு அதுக்கு வந்துடும்.

"இல்ல ப்ரோ, எனக்குப் பெரிய கிச்சன்தான் வேணும், பரோட்டா கல்லும் வேணும்"னா பெரிய வண்டி வாங்குங்க. டாடா இன்ட்ரா வி30 பேலோடு 1,300 கிலோ, நம்ம ஓசூர் அசோக் லேலண்டோட தோஸ்த் பிளஸ் 1,500 கிலோ ரகம். பழைய வண்டியில குட்டி யானைக்கும் இதுக்கும் ஒரு லட்சம் வித்தியாசம்னு வெச்சுக்குவோம். 12 சதவீத வட்டியில 48 மாசம்னா கூடுதல் இஎம்ஐ ₹2,633. மாசம் 26 நாள் கடைன்னா நாளைக்கு 101 ரூபாய். ரெண்டு மசால் தோசை.

இதோட எதிர்ப்பக்கம்: பட்டை ஏத்தின ஓவர்லோடு குட்டி யானை மாசத்துல ரெண்டு நாள் பட்டறையில நிக்குதுன்னு வைங்க. நாளைக்கு ₹4,000 வியாபாரம், 30 சதவீத மார்ஜின்னா ஒரு நாளைக்கு ₹1,200, ரெண்டு நாளுக்கு ₹2,400. கூடவே மாஸ்டருக்கு அந்த ரெண்டு நாள் சம்பளம். இஎம்ஐ வித்தியாசத்தைத் தாண்டிடுச்சு, ரிப்பேர் பில் இன்னும் எழுதவே இல்லை.

"நாளைக்குப் பத்து கிலோமீட்டர்தானே ஓடப் போகுது"ன்னு ஒரு வாதம் வரும். பாதி நியாயம். ரோலர் பேரிங்ல 25 சதவீதம் சுமை கூடினா அதோட ஆயுள் பாதிக்கும் கீழ போகும். ஆனா அது கிலோமீட்டர் கணக்கு, பத்து கிலோமீட்டர் வண்டிக்கு அது பெரிய கவலை இல்லை. ஜனவரியில தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு, அப்புறம் நார்த்தாமலை தேர்னு ஊர் ஊரா கடை போடப் போறீங்கன்னா கவலைப்படணும். பிரேக்கும் டயரும் அந்தப் பத்து கிலோமீட்டர்லயும் வேணும்.

பட்டை போட வேண்டிய நியாயமான இடம்

மொத்த எடை ஆர்சிக்குள்ள இருக்கு, ஆனா நிரந்தர லோடுனால பின்பக்கம் உக்காருது, இல்லைன்னா கவுன்டர் பக்கம் சாயுது. இந்த நிலைமையில ஸ்பிரிங் வேலை செய்யிறது சரியான முடிவுதான். அதுக்கு முன்னாடி எடைமேடைக்குப் போங்க. குவாரி, கிரஷர் பக்கமெல்லாம் இருக்கு, சில்லறைக் காசுதான். தண்ணி, சிலிண்டர், ஆள் எல்லாத்தோடயும் முழு வண்டி ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு தடவை. பின் ஆக்சில் சுமை தெரிஞ்சாத்தான் பட்டறைக்காரரால எத்தனை பட்டைன்னு சொல்ல முடியும்.

எங்க வைக்கிறீங்கங்கிறதும் எடைதான். ஏஸோட வீல்பேஸ் 2.1 மீட்டர். சிலிண்டர், தண்ணி, ஃப்ரிட்ஜ்னு 200 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னாடி வெச்சா, பின் சக்கரத்துல 248 கிலோவா இறங்கும். முன் சக்கரத்துல இருந்து 48 கிலோ தூக்கிடும். ஸ்டீயரிங் லேசா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. தண்ணி டேங்க்கை கேபினை ஒட்டி வைங்க. கவுன்டர் பக்கம் தோசைக்கல்லு இருந்தா எதிர்ப்பக்கம் ஃப்ரிட்ஜ்.

வருமான வரி பத்தி ஒரு வரி: சம்பளத்தோட இந்த வியாபார வருமானமும் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது.

யாரோ நடத்தி மூடின ஃபுட் டிரக்கை அப்படியே வாங்குறவங்க, அடுப்பையும் ஸ்டிக்கரையும் பார்க்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு பின் பட்டையைப் பாருங்க. கம்பெனி செட்ல எத்தனை பட்டைன்னு டீலர்கிட்ட கேட்டு எண்ணிப் பாருங்க. நடுவுல ஒண்ணு மட்டும் புதுசா பளபளன்னு இருக்கா, யூ போல்ட் நூல் ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கா, ரப்பர் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கா, பிரேக் வால்வோட கம்பி கழட்டி விட்டிருக்கா, சேஸிஸ்ல வெல்டிங் தடம் இருக்கா. அப்புறம் ஆர்சியை வாங்கி பாடி வகையையும் காலி எடையையும் படிங்க. கண்ணு முன்னாடி கிச்சன் நிக்கும்போது ஆர்சியில இன்னும் திறந்த பாடின்னே இருந்தா, அதைச் சரி பண்ற செலவையும் அலைச்சலையும் விலையில கழிச்சுட்டுப் பேசுங்க.